ஆறாவது இடம்

வாகரையில் கனகசிங்கத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: பிடித்ததை விடமாட்டான். பாராட்டாகத்தான் சொல்வார்கள். வலை கல்லில் சிக்கினால் மற்றவன் அறுத்துவிட்டு வருவான். கனகசிங்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்று, முடிச்சு முடிச்சாகக் கழற்றி, வெயில் ஏறிய பிறகு முழு வலையோடு கரைக்கு வருவான். அதற்குள் மீன் வாங்க வந்தவன் போயிருப்பான், பிடித்த மீன் வாடியிருக்கும். ஆனால் வலை முழுசாக இருக்கும். நல்ல குணத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று அவனிடம் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அவன் பிறந்தது களுதாவளையில். கலியாணம் முடித்து, அந்தப் பக்கத்து வழக்கப்படி, பெண் வீட்டோடு வந்து சேர்ந்தான். பெண் பெயர் கண்ணகை. அவளுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை; நிலோஜன் என்று ஒரு தம்பி மட்டும் இருந்தான். கனகசிங்கம் மனைவியோடு மச்சானையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டான் என்று ஊர் கேலி பேசியது. அதில் பொய்யில்லை. பொடியனுக்குச் சோறு போட்டதும், பள்ளிக்கூடத்துக்கு அடித்து விரட்டியதும் அவன்தான். பிறகு ஆர்த்திகா பிறந்தாள்.

2004 மார்கழி இருபத்தாறாம் திகதி கடல் வந்தபோது அவன் இடது கையில் கண்ணகையின் மணிக்கட்டு இருந்தது. வலது கைக்குள் நாலு வயது ஆர்த்திகா. மூவரும் ஒரு தென்னையில் போய் மோதினார்கள். ஒரு கையை விட்டிருந்தால் மரத்தைப் பிடித்திருக்கலாம். ஒருத்தியாவது மிஞ்சியிருப்பாள். அவன் விடவில்லை. இரண்டாவது அலை இரண்டு கையையும் வெறுமையாக்கிவிட்டு, அவனை மட்டும் அரை மைலுக்கு அப்பால் ஒரு புதர்ப் பற்றைக்குள் கொண்டுபோய்ப் போட்டது. நிலோஜனுக்கு அப்போது பதினெட்டு வயது. அன்று காலை வாழைச்சேனைக்குப் போயிருந்ததால் தப்பினான். குடும்பத்தில் மிஞ்சியது இந்த இரண்டு ஆண்கள்தான்.

மாசி மாதம் தகரக் கொட்டில்களுக்கு நிவாரணப் பெட்டிகள் வந்தன. பழைய குடும்பப் பதிவைப் பார்த்து யாரோ எழுதிய பட்டியலில், கனகசிங்கத்தின் பெயருக்கு நேரே பிள்ளை ஒன்று என்று இருந்தது. மற்றவர்களுக்குச் சட்டியும் பாயும் கிடைக்க, பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்குப் பிள்ளைப் பெட்டி கிடைத்தது. வேண்டுமென்று ஒருவனைக் குத்த நினைத்தவனால்கூட இவ்வளவு சரியாகக் குத்தியிருக்க முடியாது. பெட்டிக்குள் ஒரு மஞ்சள் மழைச்சட்டை, நிறப் பென்சில்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள் விளையாடிக் கழித்த இரண்டு கேம் பெட்டிகள். உள்ளங்கை அளவுதான். அவற்றுக்கு இரண்டு கேசட்டும் இணைக்கிற வயரும் இருந்தன. கனகசிங்கம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கடல் பக்கம் நடந்தான். நிலோஜன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான்.

"எறியிறதெண்டா அந்தச் சட்டைய எறியுங்க அத்தான். இத என்னட்டத் தாங்க. நாள் முழுக்கக் கூரையப் பாத்துக்கொண்டு கிடக்க என்னால ஏலாது."

கேசட்டைப் போட்டுத் திறந்ததும் ஆளின் பெயரும், அவன் இதுவரை விளையாடிய நேரமும் மணி, நிமிடமாகத் தெரியும். நிலோஜன் எடுத்த கேசட்டில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் பெயரும் நாற்பது மணி நேரமும் இருந்தன. அவன் கண்ணிமைக்காமல் அதை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதினான்.

விளையாட்டு இதுதான். பெட்டிக்குள் ஒரு நாடு. அதன் புல்லுக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் விதவிதமான பூதங்கள். அவற்றைப் பிடித்து, பெயர் வைத்து, பழக்கி, ஆறு பேர் கொண்ட அணி ஒன்று கட்ட வேண்டும். இரண்டு பெட்டிகளையும் வயரால் இணைத்தால் அணியோடு அணி மோதலாம். ஒரு பூதத்தைக் கொடுத்து இன்னொரு பூதத்தை மாற்றியும் எடுக்கலாம். ஒருவன் வைத்த பெயரை அடுத்தவன் மாற்ற முடியாது. களத்தில் பக்கத்துக்கு ஒன்றுதான் நிற்கும். மற்ற ஐந்தும் வெளியே காத்திருக்கும். வெளியே நிற்பதை எவராலும் தொட முடியாது. அடிபட்டதை இடையில் வெளியே எடுத்து வேறொன்றை இறக்கலாம், ஆனால் இறங்குவது எதிரியின் அடியை வாங்கிக்கொண்டுதான் இறங்கும். நிற்பது விழுந்துவிட்டாலோ, அடுத்தது ஒரு அடியும் படாமல் முழு உடம்போடு வரும். இந்தக் கடைசி விதியில்தான் முழு வித்தையும் இருக்கிறது. கனகசிங்கத்தின் தலைவிதியும் அதில்தான் இருந்தது.

முப்பத்திரண்டு வயது ஆம்பிளையும் மீசை அரும்பிய பொடியனும் ஆளுக்கொரு பெட்டியோடு குந்தியிருப்பதைப் பார்த்துக் கொட்டில் சனம் சிரித்தது. சிரித்தவர்களுக்கு ஒன்று தெரியாது. அந்தப் பெட்டி திறந்திருக்கும் நேரம் மட்டும்தான் கனகசிங்கத்தின் காதில் தண்ணீர் இரையவில்லை.

கொட்டிலில் மின்சாரம் இல்லை. பெட்டிக்கு இரண்டு பற்றறி வேண்டும். செத்த பற்றறியைத் தகரக் கூரையில் வெயிலுக்குக் காயவைத்து, பல்லால் கடித்து, இன்னொரு கால்மணி நேரம் பிழிந்தெடுப்பார்கள். ஆகவே விளையாடிய நேரத்தை விட யோசித்த நேரம்தான் அதிகம். நிவாரணச் சாமான் வந்த மட்டையைக் கிழித்து அதில் அணி எழுதுவார்கள். எது முன்னுக்குப் போகும், எது அடியைத் தாங்கும், எது கடைசியில் வந்து அடித்து முடிக்கும் என்று இருவரும் வாதாடுவார்கள். மட்டையில் தோற்ற அணியைப் பெட்டிக்குள் கட்டமாட்டார்கள். இப்படிப் பற்றறி இல்லாத காரணத்தாலேயே நிலோஜன் பெரிய விற்பன்னன் ஆகிவிட்டான்.

அவனை விற்பன்னன் என்று முதலில் ஒத்துக்கொண்டவர் முனாப்; அண்ணன் முறையில் இருவரும் அவரைக் காக்கா என்பார்கள். ஓட்டமாவடியில் மணிக்கூடு திருத்தும் கடை வைத்திருந்தார். கட்டாரில் எட்டு வருடம் இருந்துவிட்டு வரும்போது தன் பிள்ளைகளுக்கென்று அதே விளையாட்டைக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு அது இரண்டு மாதத்தில் அலுத்தது. வாப்பாவுக்கு அலுக்கவே இல்லை. மாதம் ஒருமுறை அத்தானும் மச்சானும் பஸ் ஏறி, மாங்கேணிச் சோதனைச் சாவடியைத் தாண்டி, அவர் கடைக்குப் போய் மோதுவார்கள். நிலோஜன் வெல்வான். கனகசிங்கம் தோற்பான். எப்போதும் ஒரே விதமாகத் தோற்பான்.

"அடிபட்டவன ஏன் எடுக்கிறீங்க?" என்று நிலோஜன் கத்துவான். "அவன் அரை உயிரு. இனி ஒண்டுக்கும் உதவமாட்டான். விழ விடுங்க. விழுந்தா அடிகாரன் முழுசா வருவான். நீங்க எடுத்தா வாறவனும் அடிபடுவான். மறுகா அவனையும் எடுப்பீங்க."

"எடுக்காம எப்பிடி? அவன் இன்னும் நிக்கிறானே."

"ஆறையும் காப்பாத்தப் பாத்தா ஆறும் போகும் அத்தான்."

சொன்ன பிறகுதான் நிலோஜனுக்கே தான் சொன்னது கேட்டது. முனாப் கண்ணில் வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கனகசிங்கம் பெட்டியை அணைத்து, வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தான். மூன்று நாள் மச்சானோடு பேசவில்லை. நாலாம் நாள் நிலோஜன் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். கனகசிங்கம் குடித்தான். அத்தோடு அது முடிந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் அப்படிப்பட்ட வார்த்தை அவ்வளவு லேசில் முடியாது. அவனுக்குள் அது வாடகை கொடுக்காமல் குடியிருந்தது.

ஆற்றோரப் புல்லில் ஒருநாள் அவனுக்கு ஒரு குஞ்சுப் பூதம் அகப்பட்டது. கொக்குக் குஞ்சின் மெல்லிய கால், பெரிய கண். பெயர் வை என்று பெட்டி கேட்டது. ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடி ஆர்த்தி என்று எழுதினான். நிலோஜன் பக்கத்தில் இருந்து பார்த்தான். முனாப்தான் அதன் சங்கதியைச் சொன்னார்: "இது விழாமக் கூடவே திரிஞ்சாத்தான் வளரும். கனகாலம் எடுக்கும். ஒருக்கா விழுந்தாலும் பின்னுக்குப் போயிரும். அதால ஒருத்தரும் இத வளக்கிறல்ல."

நிலோஜனின் மூளை வேறு பக்கம் ஓடியது. அந்தக் குஞ்சு ஒரு அடிக்குத் தாங்காது, ஆனால் எல்லாவற்றுக்கும் முந்திப் பாடி எதிரியை உறங்க வைக்கும். முன்னுக்கு விட்டு, எதிரியை உறங்கவைத்து, அதை விழவிட்டால், பின்னால் வரும் அடிகாரன் நின்று விளையாடலாம். அவன் அணிக்கு ஆறாவது ஆளாக அதைப்போல ஒன்று வேறு இல்லை. பல தரம் கேட்டான். "அது விழாது" என்று கனகசிங்கம் சொல்லிவிட்டான். குஞ்சை அணியிலும் வைக்காமல், சண்டைக்கும் விடாமல், பெட்டிக்குள் இருந்த களஞ்சியத்தில் பூட்டி வைத்தான். களஞ்சியத்தில் இருப்பது விழாது. வளரவும் மாட்டாது.

2006 ஆவணியில் மறுபடி யுத்தம் மூண்டு செல் குண்டு விழத் தொடங்கியது. மாங்கேணிச் சாவடியில் இராணுவம் சாமான்களை மறித்தது. பற்றறி வருவதும் நின்றது. பெட்டிகள் இரண்டும் வாய் மூடிக் கிடந்தன. புரட்டாசி முடிவில் போராளி இயக்கம் கொட்டில் கொட்டிலாக வந்து வீட்டுக்கு ஒரு ஆள் கேட்டது. கனகசிங்கத்தின் கொட்டிலில் இருந்த பெயர் இரண்டு. பதினாலு நாள் தவணை.

வந்தவன் பண்பாகத்தான் பேசினான். "அண்ணன், நீங்க வந்தாலும் சரிதான். வயசு பரவாயில்ல. பங்கர் வெட்ட ஆள் தேவை. ஒரு ஆள் வந்தா மற்ற ஆளை நாங்க தொடமாட்டம்."

இரண்டு நாள் கனகசிங்கம் யோசித்தான். தான் போகலாம். போனால் நிலோஜன் கொட்டிலில் தனியே கிடப்பான். செல் விழும்போது பங்கருக்குள் இழுத்துப்போட ஆள் இருக்காது. நிலோஜனை விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒருவரை விட்டு ஒருவரைக் காப்பாற்ற அவன் மனம் ஒப்பவில்லை. இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி தேடினான். கிடைத்தது. விளையாட்டில் அடிபடக்கூடியவனை என்ன செய்வோம்? வெளியே எடுப்போம். வெளியே நிற்பவனை எவராலும் தொட முடியாது.

நிலோஜனுக்கு இது பிடிக்கவில்லை. "நானெண்டா ஒராளைப் போக விட்டுருவன்" என்றான். "யோசிச்சுப் பாருங்க அத்தான். ஒண்டு போனா மற்றது முழுசா நிக்கும். நான் போறன்."

"வாய மூடு. நீ முனாப் காக்காட கடையில போய் நில்லு. நான் ஆத்தங்கரைப் பக்கம் ஒளிச்சிருந்து சமாளிக்கிறன். ரெண்டு பேரும் தப்பலாம்."

போகிற அன்று காலை, ஒளித்து வைத்திருந்த கடைசிப் பற்றறிகளைப் போட்டு இரண்டு பெட்டிகளையும் இணைத்தான். களஞ்சியத்தைத் திறந்து ஆர்த்தியை எடுத்து நிலோஜனுக்கு மாற்றினான். பதிலுக்கு நிலோஜன் கல் ஓடு சுமந்த கல்லாமை ஒன்றைக் கொடுத்தான்.

"கொண்டு போ. துணைக்கு ஒண்டு வேணும் உனக்கு" என்றான் கனகசிங்கம்.

"என்ட கையில இருந்தா விழும் எண்டு தெரியுந்தானே?"

"தெரியும்."

நிலோஜனின் கேசட்டில் அன்று 268 மணி 15 நிமிடம். மீன் பெட்டி ஏற்றிய வள்ளத்தில் அவனைத் தெற்கே அனுப்பிவிட்டு, கனகசிங்கம் கண்டல் பற்றைகளுக்குள் ஒளிந்தும் வெளிவந்தும் மூன்று மாதம் கழித்தான். செல் மழையில் பங்கருக்குள் குந்தியிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வான்: "என்ட மச்சான் வெளியில நிக்கிறான். அவன ஒருத்தரும் தொடேலாது." எத்தனை தரம் சொன்னான் என்று அவனுக்கே நினைவில்லை.

2007 தை மாதம் இராணுவம் உள்ளே வர, வாகரைச் சனம் முழுவதும் கையில் அகப்பட்டதோடு ஊரை விட்டு நடந்தது. இடம்பெயர்ந்தோர் முகாமில் பெயர் பதிந்த மறுநாள் அவன் ஓட்டமாவடிக்கு நடந்து போனான். கடையில் முனாப் தனியே இருந்தார். அவனைக் கண்டதும் எழும்பினார். எழும்பியவர் நிலோஜனின் கேம் பெட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்ததிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. முனாப் ஜும்ஆவுக்குக் கடையைப் பாதி சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். தொழுகை முடிந்து வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது. வான் ஒன்று வந்து நின்றதாக எதிர்க்கடைக்காரர் சொன்னார். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்டதற்கு, தான் பார்க்கவில்லை என்றும் சொன்னார். மேசையில் கேம் பெட்டி அணைத்தபடி இருந்தது.

"சேவ் பண்ணி, அணைச்சிட்டுத்தான் போயிரிக்கான் கனகு. நான் திறந்து பாத்தன். நான் ஒண்டையும் அமத்தல்ல."

கனகசிங்கம் திறந்தான். நிலோ. 311 மணி 40 நிமிடம். நாற்பத்துமூன்று மணி நேரத்துக்கு மேல் அவன் இந்தக் கதிரையில் இருந்து விளையாடியிருக்கிறான். அணியைத் திறந்தான். ஐந்தும் தெரிந்த முகங்கள். ஆறாவது இடத்தில் பெரிய சிறகு விரித்த, கழுத்து நீண்ட வெள்ளைப் பறவை ஒன்று நின்றது. கனகசிங்கம் அதை முன்பு கண்டதில்லை. பெயரைப் பார்த்தான். ஆர்த்தி.

வளர்ந்திருந்தது.

"அத அவன் இறக்கவே மாட்டான்" என்றார் முனாப். "அஞ்சாலதான் விளையாடுவான். ஆறாவத எப்பவும் வெளியில வச்சிக்கிருவான். அதால என்னட்ட நாலு தரம் தோத்தான். ஏண்டா, விட்டா வெல்லலாமே எண்டு கேட்டன். சிரிச்சான்."

கனகசிங்கம் கடை வாசல் படியில் இருந்து அழுதான். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவனுக்கு வெட்கமாக இருக்கவில்லை. போகவிடு, போகவிடு என்று தன்னைத் திட்டியவன், அந்த ஒன்றைப் போகவிடாமல் கடைசிவரை தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

முகாமுக்குத் திரும்பியபோது இன்னொன்றையும் கேள்விப்பட்டான். அவன் கொட்டில் வரிசையில் இருந்து பங்கர் வெட்டப் போனவர்கள் நாலு பேர். வாகரை இராணுவத்தின் கையில் விழுந்த அன்று நாலு பேரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சனத்தோடு சனமாக வந்து சேர்ந்திருந்தார்கள். ஒருவனுக்குக் கையில் ஒரு காயம். அவ்வளவுதான். கனகசிங்கம் அன்றைக்குப் போயிருந்தால் ஐந்தாவது ஆளாக அவனும் வந்திருப்பான். நிலோஜன் கொட்டிலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இருந்திருப்பான். ஒருவேளை செல் பட்டும் இருக்கலாம். ஆனால் அந்த ஒருவேளையை நினைத்து ஆறுதல் அடைய அவனால் முடியவில்லை.

அதற்குப் பிறகு அவன் வாழ்க்கை படிவம் நிரப்புவதில் போனது. எல்லாப் படிவத்திலும் ஒரு கேள்வி: காணாமற்போனவர் உமக்கு என்ன உறவு? மனைவியின் தம்பி. மனைவி எங்கே? இல்லை. அப்படியானால் நெருங்கிய உறவினர் வரவேண்டும் என்றார்கள். அவனுக்கு நான்தான் எல்லாம் என்று சொன்னால் அதை எழுத ஒரு கட்டம் இல்லை.

வாகரையில் மீளக் குடியேறினான். மறுபடி வலை எடுத்தான். நிலோஜனின் கேசட்டை அடிக்கடி திறப்பான். எண்ணைப் பார்ப்பான், பறவையைப் பார்ப்பான், சேவ் பண்ணாமல் அணைப்பான். சேவ் பண்ணினால் எண் மாறிவிடும். 311 மணி 40 நிமிடம் என்பது நிலோஜன் விட்ட இடம். வந்து அதிலிருந்துதான் தொடர வேண்டும். வருவான் என்பதற்கு அவனிடம் ஒரு அத்தாட்சி இருந்தது, அதைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வான்: அடித்து இழுத்துக்கொண்டு போகிறவர்கள் சேவ் பண்ணி அணைக்க நேரம் கொடுப்பார்களா? தெரிந்தவனோடுதான் போயிருக்கிறான், திரும்பி வர நினைத்துத்தான் போயிருக்கிறான். கேட்டவர்கள் ஓம் ஓம் என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்.

2008 மார்கழியில் அவனுடைய சொந்தக் கேசட் வெறுமையாகத் திறந்தது. பெயர் இல்லை, மணி இல்லை, கல்லாமை இல்லை. முனாப் அதைப் பிரித்துக் காட்டினார். உள்ளே மணிக்கூட்டுப் பற்றறியைப் போல வட்டமாக ஒன்று. அதுதான் ஞாபகத்தை வைத்திருப்பது. செத்துவிட்டது. புதிது ஒன்றை ஒட்டிக் கொடுத்தார்.

"இது இனிப் பத்து வருசம் நிக்கும். ஆனா நிலோட கேசட்டும் இதுட வயசுதான் கனகு. இண்டைக்கோ நாளைக்கோ."

"அதுக்கும் புதுசு போடலாந்தானே?"

"பழசக் கழட்டினவுடன உள்ளுக்கு இரிக்கிற எல்லாம் போயிரும். போகாமச் செய்யிற வித்தை இரிக்காம். நான் ரெண்டு கேசட்டில செஞ்சு பாத்து ரெண்டையும் கொண்டுட்டன். அதுல கை வைக்க எனக்குத் தைரியம் இல்ல. ஒரு வழிதான். உன்ட கேசட்டில புதுசாத் தொடங்கு. ஆர்த்திய வயரால இதுக்கு மாத்தி எடு. அது தப்பும்."

"மாத்தினா சேவ் ஆகும்."

"ஆகும்."

"நிலோட மணி போயிரும்."

"போயிரும்" என்றார் முனாப்.

கனகசிங்கம் இரண்டு கேசட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஐந்து மாதம் ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு தரமும் பெட்டியைத் திறக்கும்போது முதலில் எண்ணைத்தான் தேடுவான். எண் தெரிந்ததும் மூச்சு வரும். ஒன்றை விட்டால் ஒன்று மிஞ்சும் என்று அவனுக்குத் தெரியும். விடாவிட்டால் இரண்டும் போகும் என்றும் தெரியும். தெரிந்து என்ன, கை வரவேண்டுமே.

2009 வைகாசியில் யுத்தம் முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். சனம் வீட்டுக்குள் இருந்தது. தடுப்பு முகாம்களில் இருப்பவர்களின் பட்டியல்கள் வரத் தொடங்கியதும் கனகசிங்கம் ஒவ்வொன்றாகத் தேடிப் போய்ப் பார்த்தான். ஆடி மாதம் விஜிதரன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டான். விஜிதரன் ஓட்டமாவடிக்குப் பக்கத்து ஊர்ப் பொடியன், நிலோஜன் போன அதே வாரம் பிடிபட்டவன். கனகசிங்கம் போனபோது அவன் ஒரு கதிரையில், கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

"நிலோஜன் எங்களோட ரெண்டு நாள் இருந்தவன் அண்ணன். தெரிஞ்ச ஆள் ஒருத்தன்தான் கூப்பிட்டவனாம், அஞ்சு நிமிசக் கதையெண்டு. மூண்டாம் நாள் விடிய அவன மட்டும் வேற வாகனத்தில ஏத்தினாங்க. செருப்பப் போட விடல்ல. நான் அங்க இருந்த ஒரு வருசமும் அந்தச் செருப்பு வாசல்லதான் கிடந்திச்சு."

"நீல வார் வச்சதா?"

"ஓம் அண்ணன்."

கனகசிங்கம் அங்கே தேத்தண்ணி குடித்தான். தாயோடு இரண்டு வார்த்தை கதைத்தான். பிறகு எழும்பி முனாப்பின் கடைக்குப் போனான்.

பிற்பகல் முழுவதும் அவன் அந்தக் கதிரையில் இருந்து தன் கேசட்டில் புதிதாக விளையாடினான். முதலாவது ஊரைத் தாண்டினால்தான் வயர் வேலை செய்யும். கையில் இரண்டு பூதமாவது இருக்க வேண்டும். தொடக்கத்தில் பெட்டி ஒரு சின்ன மண்பூதத்தைக் கொடுத்துப் பெயர் கேட்டது. எழுத்துத் தேடினான். முனாப் எட்டிப் பார்த்தார். அத்தான் என்று எழுதியிருந்தது. அவர் திரும்பிப் போய்த் திருத்திக்கொண்டிருந்த மணிக்கூட்டைக் கையில் எடுத்தார். திருத்தவில்லை, சும்மா பிடித்துக்கொண்டு இருந்தார். அசருக்குப் பாங்கு சொல்லும்போது கனகசிங்கம் ஊரைத் தாண்டி, வழியில் ஒரு எலியையும் பிடித்திருந்தான்.

வயரை மாட்டினான். இந்தப் பக்கத்தில் அத்தான், அந்தப் பக்கத்தில் ஆர்த்தி. சம்மதமா என்று இரண்டு பெட்டியும் கேட்டன. இரண்டிலும் அவனேதான் அமத்த வேண்டியிருந்தது. வெள்ளைப் பறவை வயருக்குள்ளால் வந்து அவன் கேசட்டில் இறங்கியது. மண்பூதம் நிலோஜனின் அணிக்குப் போய், காலியாக இருந்த ஆறாவது இடத்தில் நின்றது. இனிக் கொஞ்ச நாளில் அந்தக் கேசட் சாகும். அணியும் அதோடு போகும்.

"இப்ப சேவ் ஆகி முடிஞ்சிரிக்கும்" என்றார் முனாப். "அணைச்சிரு கனகு."

"கொஞ்சம் நில்லுங்க காக்கா."

நிலோஜனின் அணியைத் திறந்தான். ஆறாவது இடத்தில் இருந்த அத்தானை எடுத்து முதலாவது இடத்தில், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னுக்கு வைத்தான். பிறகு தானே இன்னொரு தரம் சேவ் பண்ணினான்.

311 மணி 52 நிமிடம்.